ஒன்பது வருடச் சர்க்கரை, ஒருமுறைகூடப் பார்க்காத விழித்திரை

கேள்வி: எனக்கு 49 வயது. விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பவர் மட்டும்தான் மாறியிருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது. ஆனால் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பரிசோதித்து வரச் சொல்கிறார். பார்வை நன்றாக இருக்கும்போது ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் அண்ணனுக்குக் கண் பிரஷரால் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அது எனக்கும் வருமா? கண் சிவந்தால், போன வருடம் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்தையே விட்டுக்கொள்கிறேன், சரிதானா? 74 வயதான என் அம்மா ஆறு மாதமாகக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். இரவில் தைப்பதால் கண் கெடுமா? கண்ணுக்கு என்ன சாப்பிடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான்: ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணை எதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய், கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே சத்தமில்லாமல் உடம்பில் இருந்திருக்கக்கூடும் என்பதால், நோய் தெரியவந்த உடனேயே ஒருமுறையும் அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறோம். உங்களுக்கு அது ஒன்பது வருடம் தள்ளிப்போயிருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டையும் தொழிலையும் சேர்த்துச் சுமக்கிற பெண்கள் தங்கள் உடம்பைக் கடைசியாகத்தான் கவனிக்கிறார்கள் என்பதை இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கடையில் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர், உங்கள் கண்ணுக்கு எத்தனை பவர் கண்ணாடி வேண்டும் என்பதை மட்டுமே அளக்கும். அதை வைத்துக்கொண்டு கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு பழைய ரவிக்கையை அளவெடுத்துப் பார்த்து, மார்பளவும் கைநீளமும் சரியாக இருக்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தத் துணி உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கிறதா என்பதை அளவு நாடா சொல்லாது, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது அப்படி விரித்துப் பார்க்கிற வேலை.

அங்கே நாங்கள் தேடுவது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணின் பின்சுவரில், அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு சவ்வாக விழித்திரை படிந்திருக்கிறது. நாம் பார்க்கிற எல்லாமே அதன் மேல் விழுந்துதான் மூளைக்குப் போகிறது. அதன் நடுவே உள்ள சிறிய பகுதியால்தான் நீங்கள் நூல் கோர்க்கிறீர்கள், எழுத்துப் படிக்கிறீர்கள், முகம் அடையாளம் காண்கிறீர்கள். சுற்றியுள்ள பெரும்பகுதி பக்கவாட்டுப் பார்வைக்கானது. இரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தால், இந்தச் சவ்வில் ஓடுகிற மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் பலமிழக்கிறது. முதலில் அங்கங்கே சிறு சிறு புடைப்புகள் வருகின்றன. பரிசோதனைக் கருவியில் பார்த்தால், குண்டூசி முனையால் சிவப்பு மையைத் தொட்டு வைத்ததுபோலத் தெரியும். பிறகு குழாயிலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன; உருகிய நெய் தெறித்து உறைந்ததுபோல மஞ்சள் திட்டுகள் படிகின்றன. இந்த நிலை வரையிலும்கூட, கசிவு நடுப்பகுதியைத் தொடாமல் இருந்தால், நோயாளிக்கு எதுவுமே தெரியாது. வலி இருக்காது, சிவப்பு இருக்காது, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார்.

இதைவிட முற்றிய நிலையில், சில குழாய்கள் அடைபட்டு, இரத்தம் கிடைக்காத விழித்திரை தானே புதிய குழாய்களை முளைக்கவைத்துக்கொள்கிறது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற முயற்சி அது. ஆனால் அந்தப் புதுக் குழாய்கள் மிகவும் நொய்மையானவை. ஒருநாள் அவற்றில் ஒன்று உடைந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழில் இரத்தம் பரவும்போதுதான், கண் முன்னால் புகை படர்ந்ததுபோலவும் சிலந்தி வலை தொங்குவதுபோலவும் இருக்கிறது என்று ஓடிவருகிறார்கள். சிலருக்கு அந்தக் குழாய்களோடு வளரும் தழும்புத் திசு விழித்திரையை இழுத்துப் பெயர்த்தும் விடுகிறது.

என்னிடம் வந்த ஒரு மளிகைக் கடைக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு வருடச் சர்க்கரை. ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது இடது கண்ணில் சோப்பு நுரை பட்டு அதை மூடிக்கொண்டிருக்கிறார். திறந்திருந்த வலது கண்ணால் எதிரே மாட்டியிருந்த காலண்டரில் தேதி தெரியவில்லை. அந்த நிமிடம் வரை அவருக்கு ஒரு கண் மங்கியிருப்பதே தெரியாது. தராசு பார்த்தார், கணக்கு எழுதினார், வண்டி ஓட்டினார். பரிசோதித்தபோது வலது கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கோத்து, பல மாதங்கள் ஆகியிருந்தன. ஊசி மருந்து போட்டோம். முன்பைவிடத் தெளிவு வந்தது; ஆனால் அந்தக் கண்ணால் பேப்பர் படிக்கும் அளவுக்கு அது திரும்பவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு. நல்ல கண், கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடுகிறது என்பதை அவர் மூலம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தவுடன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்ற கண்ணால் எதிரே உள்ள ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் ஓரிடம் அழிந்ததுபோல இருந்தாலோ, இரண்டு கண்களுக்கும் இடையே தெளிவில் வித்தியாசம் தெரிந்தாலோ, மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். எல்லாம் நேராகத் தெரிந்தால் மகிழ்ச்சி. ஆனாலும் நான் மேலே சொன்ன சோதனைக்கு அது ஈடாகாது.

கண்டுபிடித்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும் என்று உங்கள் வீட்டில் கேட்கக்கூடும். நிறையச் செய்ய முடியும். 1976ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, முற்றிய நிலையில் உள்ள விழித்திரைக்கு உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை கொடுத்தால், கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்று காட்டியது. அதன் பிறகு இந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. விழித்திரையின் குறுக்குவெட்டைத் தொடாமலே படம் பிடிக்கிற ஸ்கேன் இருக்கிறது. நடுப்பகுதியில் நீர் கோத்தால் அதை வற்றவைக்கிற மருந்துகள் இருக்கின்றன. அந்த மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறோம். கேட்டவுடன் எல்லோருமே நடுங்குகிறார்கள், அது இயல்புதான். மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்ட பிறகு, மிக மெல்லிய ஊசியால், கருவிழிக்கு அப்பால் வெள்ளைப் பகுதியில், சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. முதல் ஊசிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் இரண்டாவது ஊசிக்குத் தனியாக வந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் மாதம் ஒன்று என்று சில ஊசிகள் தேவைப்படும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று போட்டவுடன் நிறுத்திவிட்டால் பயன் நிற்காது. லேசரைப் பொறுத்தவரை, அது பார்வையைக் கூட்டுவதற்கல்ல, இருப்பதைக் கைவிட்டுப் போகாமல் நிறுத்துவதற்கு. இதைப் புரிந்துகொள்ளாமல், லேசர் வைத்தும் தெளிவு வரவில்லையே என்று மனம் உடைந்து வராமல் நின்றுவிட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே உங்கள் கையில் இருக்கிற சிகிச்சையும் சிறியதல்ல. இங்கிலாந்தில் பல வருடங்கள் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கண்ணையும் சிறுநீரகத்தையும் சேர்த்து நுண்குழாய்களில் வரும் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு அந்தக் குறைவு 37 சதவீதம். ஆகவே சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு பி.பி.யை விட்டுவிடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கிற ஒரு அளவை வைத்து நிம்மதியடையாமல், மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்கிற ஹெச்பிஏ1சி சோதனையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகமும் விழித்திரையும் பெரும்பாலும் கூட்டாளிகள். இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள்: பல வருடம் கூடியிருந்த சர்க்கரையைத் திடீரென்று வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே பாதிப்பு உள்ள விழித்திரை கொஞ்ச காலம் மோசமாகி, பிறகு சீராவதுண்டு. சர்க்கரையைக் குறைக்கத் தயங்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல; இன்சுலினோ வேறு வலுவான மருந்தோ தொடங்கப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பதே பொருள்.

ஒரே வருடத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், பிறகு வடியும். அதற்கேற்பப் பவரும் மாறும். சர்க்கரை நிலையில்லாமல் இருக்கிற ஒரு வாரத்தில் அளந்து வாங்கிய கண்ணாடி, அடுத்த மாதம் பொருந்தாமல் போவது இதனால்தான். உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் மெல்லக் கூடிக்கொண்டே வரும் என்றாலும், அது இத்தனை வேகமாக மாறாது. எனவே மூன்றாவது கண்ணாடிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், சர்க்கரை சில வாரங்கள் ஒரே சீராக இருக்கட்டும்.

இப்போது உங்கள் அண்ணனைப் பற்றி. கண் பிரஷர் என்று நாம் சொல்கிற குளுக்கோமா, உடம்பின் இரத்த அழுத்தத்திலிருந்து வேறானது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிந்துபோகிற வழி தடைப்பட்டு, உள்ளே அழுத்தம் கூடி, பார்வை நரம்பு நசிந்துபோவது பெரும்பாலும் நடக்கிற முறை. அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. நூற்கண்டில் ஓர் இழை அறுந்தால் உங்களுக்கே தெரியாதல்லவா? அப்படித்தான் முதலில் ஓரப் பார்வைக்கான இழைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். கதவு நிலையில் தோள் இடிப்பதும், பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற வண்டி திடீரென்று முளைத்ததுபோல இருப்பதும்தான் பலருக்கு முதல் அடையாளம், அதற்குள் நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். போன இழைகளைத் திருப்பிக் கொண்டுவர இன்றுவரை வழியில்லை.

உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வருகிற வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதல். வந்தே தீரும் என்பதல்ல. தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான். கண்ணின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும்; ஆனால் அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு அனுப்பினால் திருப்தியடைந்துவிடாமல், அண்ணனைப் பற்றிச் சொல்லி, நரம்பையும் பார்க்கும்படி கேளுங்கள். அழுத்தம் அளப்பது, கண்ணின் நீர்வழி அகலமாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டும், கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். வழி மிகக் குறுகலாக இருக்கிற சிலருக்கு அந்தச் சொட்டு மருந்தே அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். வரிசையில் நிற்கும்போதே, சொட்டு மருந்து விட வருகிற சிஸ்டரிடம் அண்ணனின் நோயைச் சொல்லிவிடுங்கள். அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மற்ற கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை, எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதற்காக நிறுத்தக் கூடாது. வித்தியாசம் தெரியாமல் அப்படியே இருப்பதுதான் அந்த மருந்தின் வெற்றி.

பழைய சொட்டு மருந்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்லது; கேட்காமல் விட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அதை இன்றே நிறுத்துங்கள், ஆனால் தூக்கி எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புட்டியின் மேல் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பை ஒரே நாளில் மறையச் செய்வதால் ராசியான மருந்து என்று பெயரெடுத்துவிடுகிற அது, வாரக்கணக்கில் விடுகிற சிலருக்குக் கண் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றி, கண்புரையையும் சீக்கிரமே கொண்டுவந்துவிடுகிறது. அண்ணனுக்குக் குளுக்கோமா உள்ள நிலையில் உங்களுக்கு அந்த அபாயம் இன்னும் கூடுதல். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உள்ளே கிருமி சேரும்.

அந்தப் புட்டியை அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வயலில் வேலை செய்கிறவர்களின் கருவிழியில் நெல் உமியோ சோளத் தோகையோ கீறினால், நம் பகுதியில் பூஞ்சைக் கிருமி புண்ணாக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதன் மேல் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பூஞ்சை தங்குதடையின்றிப் பரவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு ஆகியவற்றையும் காயம்பட்ட கண்ணில் விடவே கூடாது. அன்போடு செய்கிற வைத்தியம்தான், ஆனால் அதனால் விழி வெண்ணிறமாகிப் போனவர்களுக்குக் கருவிழி மாற்று அறுவை செய்யப் பரிந்துரைக்கும் நிலை வந்திருக்கிறது. சுண்ணாம்போ ஆசிட்டோ தெறித்தால் மட்டும் யாரையும் கேட்காமல், அந்த இடத்திலேயே இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அம்மா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பதாக எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் யோசித்தேன், ஏனென்றால் உங்கள் வீட்டு மகிழ்ச்சியைக் கெடுக்கிறேனோ என்ற தயக்கம் எனக்கு. இழந்த பார்வை திரும்பியது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிற இந்த மாற்றம், பெரும்பாலும் கண்புரையின் ஒரு கட்டம். லென்ஸின் நடுப்பகுதி வயதால் இறுகிக் கெட்டிப்படும்போது அதன் பவர் கூடிவிடுகிறது. அதனால் கிட்டத்தில் உள்ளது கண்ணாடியின்றித் தெளியும், தூரத்தில் உள்ளது மங்கும். சோதித்துப் பார்க்க உங்கள் வீட்டிலேயே வழியிருக்கிறது. தெருமுனையில் வருவது யார் என்று அம்மாவைக் கேளுங்கள். பிறகு உங்கள் நூல் டப்பாவிலிருந்து ஒரு கருநீலக் கண்டையும் ஒரு கறுப்புக் கண்டையும் எடுத்து, எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். லென்ஸ் பழுத்து மஞ்சளாகும்போது நீல நிறம்தான் முதலில் அடிபடும்.

பயப்பட வேண்டியதில்லை. கண்புரை, குளுக்கோமாவைப் போன்றதல்ல. போன பார்வையை மீட்டுக் கொடுக்கக்கூடிய நோய். அம்மாவின் காலத்தில் பெரியவர்களுக்கு அறுவை செய்தபோது லென்ஸை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு எதையும் வைக்க மாட்டார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு நாள்கணக்கில் அசையாமல் படுத்திருந்து, பிறகு ஆயுள் முழுக்கக் கனமான சோடாபுட்டிக் கண்ணாடியோடு நடந்தவர்களை அவர் பார்த்திருப்பார். அந்த அச்சத்தோடுதான் பலர் மறுக்கிறார்கள். இன்று கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 11 படுக்கைகளில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992இல் அதன் துணையாக வந்த அரோலேப் தொழிற்சாலையும், இறக்குமதி செய்தால் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த லென்ஸை நம் ஊரிலேயே தயாரித்து மலிவாக்கியதை, கண் மருத்துவத்தில் இருக்கிற நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன். புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருந்த காலமும் போய்விட்டது. தூரப்பார்வைக் குறைவு அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகிற போதே செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலியோடு அவசரமாக ஓடிவர நேரும். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பதை வாங்காதீர்கள்.

இரவில் தைப்பதால் கண் கெடாது. களைக்கும், எரியும், தலை வலிக்கும். கூர்ந்து பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுவதால் கண்ணின் ஈரம் காய்ந்துபோவதே இதற்குக் காரணம். மெஷினுக்கு மேல் உள்ள விளக்கோடு நிறுத்தாமல், ஊசி முனையில் நேராக விழுகிற மாதிரி, கண்ணில் கூசாதபடி ஒரு விளக்கை வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, வாசலுக்கு அப்பால் தூரத்தில் உள்ளதைப் பார்த்து நன்றாக இமையுங்கள். கறுப்புத் துணியில் செய்கிற கைவேலையைப் பகல் வெளிச்சத்துக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உணவில் பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் நல்லவைதான், வாரத்தில் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்கு வருகிற மாலைக்கண்ணை அவை தடுக்கும். சர்க்கரையால் கசிகிற குழாயைக் கேரட் அடைக்காது. உங்கள் கண்ணுக்கான உணவு, உங்கள் சர்க்கரைக்கு ஒத்த உணவுதான். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுவது விழித்திரைக்கும் நேரடியாகப் பயன்படும்.

எந்தத் தேதிக்கும் காத்திராமல் அன்றே போக வேண்டிய நேரங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு புள்ளிகள் எப்போதாவது மிதப்பது வேறு; திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழைபோலக் கொட்டினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை இறங்குவதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ, அது விழித்திரை கிழிந்ததன் அல்லது உள்ளே இரத்தம் கசிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தால் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்துப் படுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நாள் வேலை கெடுவது பற்றி. அந்தக் கவலை நியாயமானது, அன்றாடக் கூலியின் அருமை எனக்குத் தெரியும். சொட்டு மருந்து லேசாக எரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு, கண்ணை மூடி அரை மணி நேரம் போல உட்காரவைப்பார்கள். பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை கிட்டத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். ஊசியைத் தொட முடியாது. பண்டிகைத் தையல் குவியாத ஒரு நாளாகப் பார்த்து, காலையிலேயே போய்விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் இதற்குக் கட்டணமில்லை. கையில் சர்க்கரைச் சீட்டு, இப்போது போட்டிருக்கும் கண்ணாடி, அந்தப் பழைய சொட்டு மருந்துப் புட்டி, முடிந்தால் அண்ணனின் கண் பரிசோதனைச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீசிங் தொல்லை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்கான சில மருந்துகள் அதற்கு ஒத்துவராது. அம்மாவையும் அன்றே அழைத்துப்போகலாம். ஆனால் உங்கள் இருவருக்குமே சொட்டு மருந்து விட்டிருப்பார்கள் என்பதால், திரும்பும்போது சாலை கடக்கவும் பஸ் போர்டு பார்க்கவும் கண் தெளிவாக உள்ள ஒருவர் கூட வேண்டும். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்குச் சோதனை என்று கேட்டவர் யாரோ, அவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் விழித்திரையின் படத்தைத் திரையில் காட்டி மருத்துவர் விளக்கும்போது அவரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.